மாதம் ஒருமுறை மேனேஜர் அறைக்கு வாருங்கள்: வங்கிக் கிளை வாடிக்கையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பொதுத்துறை வங்கி ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எந்த வங்கி, எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. தமிழ்நாட்டில் எந்தக் கிளையில் உங்களுக்குக் கணக்கு இருந்தாலும் இந்த மடல் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

உங்கள் கிளையில் மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒரு கூட்டம் நடக்க வேண்டும். வாடிக்கையாளர் சேவைக் குழுக் கூட்டம் என்று அதற்குப் பெயர். வந்த புகார்கள் என்ன, யோசனைகள் என்ன, எந்த வேலை எங்கே தாமதமாகிறது என்று உட்கார்ந்து பேசுவதுதான் அதன் வேலை. ரிசர்வ் வங்கி 2015 ஜூலை 1 அன்று வெளியிட்ட வாடிக்கையாளர் சேவை பற்றிய முதன்மைச் சுற்றறிக்கையிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். அந்தக் குழுவில் வாடிக்கையாளர்களும் இருப்பது நல்லது என்றும், முடிந்தால் மூத்த குடிமக்களில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். கட்டாயம் என்று எழுதவில்லை, உண்மைதான். ஆனால் வாடிக்கையாளர்கள் வருவது விரும்பத்தக்கது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

இருந்தும் அந்த நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். கூட்டக் குறிப்பு எழுதும் வேலை பல வருடங்கள் என்னிடம் இருந்தது. மேனேஜர், துணை மேனேஜர், கேஷியர், நான் என்று நாங்களே உட்காருவோம். டீ வரும். "வாடிக்கையாளர் சேவை குறித்து விவாதிக்கப்பட்டது. குறிப்பிடத்தக்க புகார்கள் ஏதும் இல்லை" என்று நோட்டில் ஏறும். கதவுக்கு வெளியே நகைக்கடன் டோக்கனுக்கு நிற்கிற வரிசை படிக்கட்டைத் தாண்டியிருக்கும். அந்த வரிசையில் நிற்கிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்த எதுவும் அந்த நோட்டில் ஏறியதில்லை.

வரிசையில் நின்று சலித்துக்கொள்கிறோம். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறோம். வீட்டுக்குப் போய் "அந்த பேங்க்ல ஒரு வேலையும் நடக்காது" என்று முடித்துவிடுகிறோம். சொன்னதெல்லாம் நியாயமான விஷயம்தான். ஆனால் அதைச் சரிசெய்யக்கூடியவர் காதில் அது விழவில்லை. அவர் காதில் விழும்படி சொல்வதற்கென்றே ஒரு நேரமும் இடமும் இருக்கின்றன என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. தெரியாமல் போனதற்கு வங்கிகளைத்தான் குறை சொல்வேன். கூட்டம் எப்போது என்று அறிவிப்புப் பலகையில் தமிழில் பளிச்சென்று எழுதிப்போடும் கிளைகள் மிகக் குறைவு.

தெரிந்தவர்களும் தயங்குகிறார்கள். மேனேஜரைப் பகைத்துக்கொண்டால் நாளைக்குப் பிள்ளையின் கல்விக்கடன் என்ன ஆகும் என்று பயம். அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தனியாகப் போய்ச் சண்டை போட்டவரை மனதில் குறித்துவைக்கிற அதிகாரிகள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கூட்டம் என்பது வேறு. அங்கே பேசுவதைக் கேட்க அவர்தான் உங்களைக் கூப்பிடுகிறார். நாலு பேர் கூட இருக்கிறார்கள். நீங்கள் பேசுவது உங்கள் கடனைப் பற்றியும் இல்லை, வாசலில் நிற்கிற எல்லாருக்கும் பொதுவான ஒன்றைப் பற்றி. இன்னொன்றும் சொல்கிறேன். மேலிடத்தில் ஒரு பிரிண்டர் கேட்டு, ஒரு ஆள் கேட்டு எழுதி எழுதிப் பதில் வராமல் தவிக்கிற மேனேஜர்கள் ஏராளம். வாடிக்கையாளர்களே கூட்டத்தில் கேட்டார்கள் என்று குறிப்பில் இருந்தால் அவர்களுக்கும் அது ஒரு பலம்.

உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கள் கிளையில் பாஸ்புக் பதிவு செய்யும் இயந்திரம் வைத்தார்கள். பாஸ்புக்கில் பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால்தான் அது வேலை செய்யும். ஸ்டிக்கர் எடுத்துக்கொடுக்கும் பொறுப்பு ஒரே ஒரு கவுன்ட்டரில் இருந்தது, அதுவும் நகைக்கடன் பார்க்கிற கவுன்ட்டர். இயந்திரத்தைப் பயன்படுத்த ஆளே வரவில்லை, மக்களுக்குப் புதிய முறை பிடிக்கவில்லை என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம். ஒரு மாதம் கூட்டத்துக்கு மகளிர் குழுக் கணக்குப் பார்க்கும் அம்மா ஒருவர் வந்தார். குழுவில் இருந்த அத்தனை பேரின் பாஸ்புக்கையும் மஞ்சள் பையில் கொண்டுவந்து மேசையில் அடுக்கினார். "ஸ்டிக்கருக்கு ஒரு வரிசை, அப்புறம் மெஷினுக்கு ஒரு வரிசை. ஸ்டிக்கர் வாங்குறதுக்குள்ள அரை நாள் கூலி போயிடுது சார். புது புக் கொடுக்கும்போதே ஒட்டிக் கொடுத்துட்டா என்ன?" என்று கேட்டார். அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து அப்படியே செய்தோம். பழைய பாஸ்புக்குகளுக்கு ஸ்டிக்கர் ஒட்ட மதியத்துக்கு மேல் ஒரு ஆளை உட்கார வைத்தார்கள். இயந்திரத்துக்கு முன்னால் கூட்டம் சேரத் தொடங்கியது.

கம்பிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்று பார்க்காத எங்களுக்கு அது தோன்றவே இல்லை. பெரிய பெரிய ஆலோசகர்களை வைத்து ஆய்வு நடத்தினாலும் இது தெரியவந்திருக்குமா என்பது சந்தேகம். அந்த அம்மாவுக்குத் தெரியும், ஏனென்றால் போனது அவருடைய அரை நாள்.

என்ன பேசுவது என்று கேட்பீர்கள். ஏற்கெனவே உங்களுக்கு இருக்கிற உரிமைகளிலிருந்தே தொடங்கலாம். காசோலையைப் பெட்டியில்தான் போட வேண்டும், கவுன்ட்டரில் வாங்க மாட்டோம் என்று எந்தக் கிளையும் சொல்லக் கூடாது. கவுன்ட்டரில் கொடுத்து, சலானின் அடிக்கட்டையில் முத்திரை வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தப் பெட்டியிலேயே தமிழிலும் எழுதியிருக்க வேண்டும். உங்கள் கிளையில் எழுதியிருக்கிறதா, பாருங்கள். வேலை நேரம் முடிவதற்குள் உள்ளே வந்துவிட்ட எல்லாருடைய வேலையையும் முடித்துத்தான் அனுப்ப வேண்டும். பாதி வரிசையைப் "போய்ட்டு நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்புவது தவறு. பாஸ்புக்கில் யாருக்கும் புரியாத சுருக்கெழுத்தில் பதிவு போடக் கூடாது. புகார்ப் புத்தகம் இருக்க வேண்டும், எழுதிக்கொடுத்தவுடன் ஒப்புகையாக ஒரு நகலைக் கிழித்துக் கையில் தரும்படி அது இருக்க வேண்டும்.

மொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணக்குத் தொடங்கும் படிவம், சலான், பாஸ்புக் என்று சாதாரண வாடிக்கையாளர் கையில் புழங்கும் அச்சடித்த தாள் எல்லாமே ஆங்கிலம், இந்தி, அந்தந்த மாநில மொழி என மூன்றிலும் கிடைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கவுன்ட்டர் பலகைகளுக்கும் அதே விதி. நடைமுறையில் என்ன ஆகிறது? தமிழ்ச் சலான் கட்டு தீர்ந்துபோகும், புதிதாக யாரும் கேட்டனுப்ப மாட்டார்கள், ஏனென்றால் தமிழ்ச் சலான் வேண்டும் என்று யாரும் கேட்டதாகப் பதிவு இருக்காது. படிக்கத் தெரிந்தவர்கள் ஆங்கிலத்திலேயே நிரப்பிக்கொடுத்துவிடுகிறார்கள். தெரியாதவர்கள் பேனாவோடு நிற்கிற யாரையாவது தேடிக் கெஞ்சுகிறார்கள். தன் கணக்கு எண்ணையும் எடுக்கப்போகிற தொகையையும் முன்பின் தெரியாதவரிடம் சொல்லி எழுதச்சொல்ல வேண்டிய நிலையில் அவர்களை நாம் விட்டிருக்கிறோம். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் ஆறியதே இல்லை. தமிழில் சலான் வேண்டும் என்று கூட்டத்தில் கேளுங்கள், கேட்டதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

வெளிமாநிலத்திலிருந்து வந்து கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் கோபப்படாதீர்கள். இருபத்தைந்து வயதில் ஊர் தெரியாத ஊரில் வந்து மாட்டிக்கொண்டு அவர்களும் திணறுகிறார்கள். தமிழ் தெரிந்த ஒருவரை முன் கவுன்ட்டரில் போடுங்கள் என்று கேட்பது நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குரிய இடமும் இந்தக் கூட்டம்தான்.

முதியவர்கள் விஷயம் இன்னும் கனமானது. 70 வயது கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் ஆகியோருக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுப்பது, வாங்குவது, ஆயுள் சான்று பெறுவது போன்ற சேவைகளைச் செய்ய வங்கிகள் முயற்சி எடுக்க வேண்டும் என்று 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி சொன்னது. கிளைகளில் மூத்த குடிமக்களுக்கென்று கவுன்ட்டர் ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னது. நவம்பர் மாதம் ஆயுள் சான்று கொடுக்க வரும் பெரியவர்கள் ஆட்டோவில் இறங்கிப் படியேற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்கே வருவார்கள் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், அவருக்காக நீங்கள் கூட்டத்தில் பேசலாம். அவர் பெயரைச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு வாருங்கள்.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். உங்கள் சொந்தக் கணக்கில் நடந்த தவறு மாதக் கூட்டத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. கணக்கிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் அன்றைக்கே வங்கிக்குச் சொல்லுங்கள், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கும் அழையுங்கள். தவறு உங்கள் மீதும் இல்லை, வங்கி மீதும் இல்லை, மூன்றாவது ஆள் செய்தது என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட்டவருக்கு இழப்பு எதுவும் கிடையாது என்று 2017 ஜூலையில் வந்த விதி சொல்கிறது. ஓ.டி.பி.யை நாமே சொல்லிவிட்டால் கதை வேறு, வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது நம் பொறுப்பாகிவிடும். ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும், அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் தர வேண்டும். வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவு எதுவும் கிடையாது. விவரம் கேட்க 14448.

கூட்டத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கிளைக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் யோசனைகளை மேலே, வங்கி முழுவதுக்கும் வாடிக்கையாளர் சேவையைக் கவனிக்கும் நிலைக்குழுவுக்கு அனுப்பலாம். அங்கிருந்து அது இயக்குநர் குழுவின் வாடிக்கையாளர் சேவைக் குழு வரை போக வழி வைத்திருக்கிறார்கள். ஒரு ஊரிலிருந்து போகும் வரி படிக்கப்படாமலே கூடப் போகலாம். பத்து ஊர்களிலிருந்து அதே வரி போனால் யாராவது ஒருவர் பேனாவை எடுத்துத்தான் ஆக வேண்டும். நோட்டில் "புகார்கள் ஏதும் இல்லை" என்று எழுதிக்கொண்டிருக்கும்வரை மேலே இருப்பவர்களுக்குக் கீழே எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும்.

வங்கிக்குச் சொல்வதோடு நீங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் அங்கே வழி உண்டு. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. போலீஸ் உடுப்பில் வீடியோ காலில் வந்து "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்" என்று மிரட்டிப் பணம் பிடுங்கும் கூட்டத்தைப் பற்றி வங்கி ஒட்டும் சுவரொட்டியைவிட, எங்கள் தெரு ரிட்டயர்டு வாத்தியாருக்கு இப்படிக் கால் வந்தது என்று ஒருவர் நேரில் சொல்வது ஆழமாகப் பதியும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமனதாரராக (நாமினி) போடலாம். இது தெரிந்த ஒருவர் கூட்டத்தில் சொன்னால் அன்றைக்கே நாலு குடும்பம் போட்டுவிடும். நியமனதாரர் இல்லாத கணக்கை வைத்துவிட்டு இறந்துபோனவரின் மனைவி வாரிசுச் சான்றுக்கு அலைகிற அலைச்சலைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஒரு கையெழுத்தின் அருமை தெரியும். 10 வருடம் தொடாமல் கிடக்கும் வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும், ஆனாலும் உரியவர் எப்போது வேண்டுமானாலும் தன் வங்கியில் கேட்டு வாங்கலாம். இதையும் யாராவது சொன்னால்தானே தெரியும்?

பணம் போட்டவர்கள் தங்கள் வங்கியைப் பற்றி வாய் திறப்பது நமக்குப் புதிதும் அல்ல. 1906 அக்டோபரில் சென்னையில் ஆங்கிலேயர் நடத்திய ஆர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி திவாலானபோது பணத்தை இழந்தவர்களுக்காக வாதாடியவர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி அய்யர். நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று அவரும் மற்றவர்களும் முனைந்ததில்தான் 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி பிறந்தது.

வரும்போது ஒரே ஒரு விஷயத்தோடு வாருங்கள். பத்து குறையை ஒரே மூச்சில் சொன்னால் ஒன்றும் எழுதப்படாது. என்றைக்கு, எந்த நேரம், எந்த கவுன்ட்டர், எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று சொல்லுங்கள். "எப்பவுமே லேட்" என்பதை யாராலும் சரிசெய்ய முடியாது. "திங்கட்கிழமை காலையில் பணம் கட்டும் கவுன்ட்டர் ஒன்றுதான் திறந்திருக்கிறது" என்றால் செவ்வாய்க்கிழமையே ஏதாவது செய்யலாம். உங்கள் கணக்கு எண்ணையோ இருப்பையோ எல்லார் முன்னும் சொல்லாதீர்கள். நன்றாக வேலை செய்யும் ஊழியர் இருந்தால் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள், அதுவும் குறிப்பில் ஏறட்டும். அடுத்த மாதம் மறக்காமல் வந்து, போன மாதம் எழுதியது என்ன ஆயிற்று என்று கேளுங்கள். ஒரே ஒரு தடவை வந்து போகிறவரைவிட இரண்டாவது தடவையும் வருகிறவரைத்தான் நிர்வாகம் கணக்கில் எடுத்துக்கொள்ளும், இது என் கண்ணால் பார்த்தது.

தனியாக வராதீர்கள். நூறு நாள் வேலைக் கூலி எடுக்க வருபவர், முதியோர் உதவித்தொகை வாங்குபவர், காய்கறிக் கடைக்காரர், ஆப் வந்த பிறகு கிளைக்கே வராத கல்லூரிப் பிள்ளை, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே வேலை பார்த்து ஊருக்குப் பணம் அனுப்புபவர் என்று யாரையாவது கூட்டி வாருங்கள். பெரிய டெபாசிட் வைத்திருப்பவர்களின் குரல் எப்படியும் மேனேஜர் அறை வரை போகும். அவர்களுக்குத் தொலைபேசி எண் தெரியும்.

கிளை மேலாளர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டத்தை மாதத்தின் முதல் வாரத்தில் வைக்காதீர்கள், பென்ஷன் வாங்க வருபவர்களின் நெரிசலில் யாரும் உட்கார மாட்டார்கள். காலை பதினொரு மணி கூலிக்குப் போகிறவருக்கு ஆகாது, சாயங்காலமாக வையுங்கள். வருகிறவர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொன்னால் மக்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். பதிலே வராதபோதுதான் அவர்கள் வருவதை நிறுத்துகிறார்கள்.

அடுத்த தடவை கிளைக்குப் போகும்போது, வேலை முடிந்ததும் கிளம்பிவிடாமல், வாடிக்கையாளர் சேவைக் குழுக் கூட்டம் எந்தத் தேதி என்று கேளுங்கள். தெரியாது என்று சொன்னால் மேனேஜரைக் கேளுங்கள். இங்கே அப்படி எதுவும் நடப்பதில்லை என்றால், "எங்கள் கிளையில் கூட்டம் நடத்த வேண்டும், அதில் நான் கலந்துகொள்ள விரும்புகிறேன்" என்று ஒரு வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கூட நிற்கிறவரையும் அதில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர் ஒருவர்